லால்பாக்: ஹைதர் அலியின் தோட்டம் மக்கள் பூங்காவான வரலாறு

பெங்களூரின் லால்பாக் இன்று 240 ஏக்கர் பரப்பில் தாவரவியல் பூங்காவாக, அதாவது செடிகொடிகளை இனம் பிரித்து வளர்த்து ஆராய்வதோடு மக்களுக்கும் காட்டும் பொதுத் தோட்டமாக விளங்கினாலும், 1760இல் ஹைதர் அலி தமக்கென அமைக்கத் தொடங்கியபோது அது ஏறத்தாழ 40 ஏக்கர் அளவிலான தனித் தோட்டமாகவே இருந்தது. சிரா நகரிலிருந்த முகலாயர் காலத் தோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு தந்தை தொடங்கிய பணியை, மகன் திப்பு சுல்தான் பல நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து நிறைவு செய்தார். அயல்மண்ணில் பிறந்த அந்தக் கன்றுகளுக்கு நீர் பாய்ச்சி, பாத்தி கட்டி, பிழைக்கவைத்தவர்கள் தோட்டத் தொழிலில் தேர்ந்த திகளர் சமூகத்தினர். தமிழ் கலந்த பேச்சுவழக்கை உடைய இவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது மரபுச் செய்தி. தோட்டத்தின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் அரசர்களுக்கு இணையாக இவர்களும் பேசப்பட வேண்டும்.

1799இல் திப்பு போரில் வீழ்ந்தபின் தோட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று என்றாலும், அதன் கதவுகள் உடனே மக்களுக்குத் திறந்துவிடவில்லை. வருவாய் தரக்கூடிய பயிர்கள் இம்மண்ணில் விளையுமா என்று அறிவதிலேயே கம்பெனியின் நாட்டம் இருந்தது. தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் முதலிய பலரின் பொறுப்பிலும், பின்னர் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் பொறுப்பிலும் இருந்த லால்பாக், 1856இல்தான் அரசுத் தாவரவியல் பூங்கா என்னும் நிலையை அடைந்தது. அரசுடைமையாவது வேறு, மக்களுடையதாவது வேறு என்பதை இந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி தெளிவாக உணர்த்துகிறது.

மக்களைத் தோட்டத்துக்குள் ஈர்த்த பெருமையில் பெரும்பங்கு, 1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரனுக்கு உரியது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று வழங்கும் சௌசௌவை அங்கே அறிமுகப்படுத்தியவராகக் கருதப்படும் இவரது காலத்தில்தான், வார்ப்பிரும்புத் தூண்களின் மேல் கண்ணாடிக் கூரை வேய்ந்த கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. லண்டனின் படிக மாளிகையைப் பின்பற்றிய இக்கட்டடம் மலர்க் கண்காட்சிகளுக்கு நிலையான இடமாயிற்று. செடி வளர்ப்பில் பயிற்சியில்லாதவர்களும் தோட்டத்துக்குள் வர அது ஒரு காரணத்தைத் தந்தது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் கண்காட்சிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் செல்கின்றனர்.

அடுத்து வந்தவர்களில் ஜெர்மானியரான குரும்பிகல், மாரிகௌடா ஆகியோரின் உழைப்பு தனி நூலுக்குரியது. நகர்ப்புற நிலத்துக்கு இத்தனை நெருக்கடி உள்ள பெங்களூரில், பொதுவுடைமையான பின்னர் ஒரு தோட்டம் சுருங்காமல் ஆறு மடங்காக விரிந்திருப்பது அரிய சாதனை.