டயப்பரும் டிகிரியும்

பையனுக்கு ஆறாவது மாசம். அப்பாவுக்கு மூணாவது செமஸ்டர். அம்மாவுக்கு ஆபீஸில் வருஷக் கணக்கு முடிக்கிற மார்ச். மூன்றும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் அந்த வீட்டு பட்ஜெட் என்ன பாடுபடும்?

கற்பனைக் குடும்பம் இல்லை ஸார். அம்பத்தூர், ஆவடி, குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் எந்த ஒற்றை பெட்ரூம் போர்ஷனில் ராத்திரி பத்தரைக்கு மேல் லைட் எரிகிறதோ, அங்கே எட்டிப் பாருங்கள். ஒரு கையில் தொட்டில் கயிறு, மறு கையில் மேனேஜ்மெண்ட் புஸ்தகம். கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் நோட்ஸ் எடுக்கிற எக்ஸ்பர்ட்டுகளும் உண்டு.

நானும் இந்தக் கோஷ்டிதான். ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாஸில் கடைசி இரண்டு பெஞ்ச் எங்களுக்கென்றே பட்டா போட்டது. தூங்கி வழிகிறவனைப் பார்த்து லெக்சரர் கோபப்பட மாட்டார். “குழந்தைக்கு எத்தனை மாசம்?” என்று மட்டும் கேட்பார்.

வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படிப்பது நம் ஊருக்குப் புதுசா என்ன? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லேயே ஆரம்பித்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981ல். ‘இக்னோ’ 1985ல் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002ல். அந்தக் காலத்து குமாஸ்தாக்களும் இப்படித்தான் எம்.ஏ., எம்.காம். வாங்கினார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் படிக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொள்ள வீட்டில் அம்மா, அத்தை, பாட்டி என்று ஆறு கை இருந்தது. நமக்கு? நாலு கை. அதிலும் இரண்டு, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

கணக்குக்கு வருவோம். கிளாஸில் என் பக்கத்து நண்பர் ஒருவர் வரவு செலவை நோட்டில் எழுதுகிறவர். (பின்னே, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்!) கெஞ்சிக் கூத்தாடி அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் கைக்கு வருவது 24,000. மனைவிக்கு 15,000. ஆக 39,000. வாடகை, கரண்ட் 11,000. மளிகை, பால், காய்கறி, காஸ் 10,000. குழந்தைக்கு டயப்பர், டாக்டர், சத்துமாவு 4,000. பஸ், பெட்ரோல், போன் 3,500. ஊரில் அப்பா அம்மாவுக்கு 3,000. பைக் தவணை 2,800. கூட்டினால் 34,300. மிச்சம் 4,700.

செமஸ்டர் ஃபீஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 14,000. ஆறு மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 2,334 ரூபாய்கூட ஆகவில்லை. அதாவது பேப்பரில் பார்த்தால் மனுஷனுக்குப் பிரச்னையே கிடையாது. மாசம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம்கூடப் பிடிக்கலாம்!

அப்படியென்றால் ஜனவரி வந்தாலும் ஜூலை வந்தாலும் அவர் ஏன் என்னிடம் “மச்சான், ஒரு அஞ்சாயிரம் இருக்குமா?” என்று கேட்கிறார்?

விஷயம் இதுதான். சம்பளம் மாசா மாசம் வருகிறது. ஃபீஸ் மொத்தமாக வருகிறது. நடுவில் அந்த 4,700ஐக் கொத்திக்கொண்டு போக வருஷம் முழுக்க ஆள் உண்டு. மச்சினன் கல்யாணம், குழந்தைக்குக் காது குத்து, திடீர் ஜுரம், அட்வான்ஸை ஏற்றும் ஹவுஸ் ஓனர். மிச்சம் என்பது நோட்டில் இருக்கும், பர்ஸில் இருக்காது.

கடைசி நாள் வந்ததும் என்ன செய்கிறோம்? கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். தெருமுனை வட்டிக் கடையில் ‘மூணு வட்டி’ என்றால் நம்மாள் தெறித்து ஓடுவார். மாசத்துக்கு நூற்றுக்கு மூணு, வருஷத்துக்கு 36 சதவிகிதம் என்று விரல் விட்டுச் சொல்வார். 2003லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்ததைக்கூட ஞாபகப்படுத்துவார். அதே ஆள், மாசம் மூன்றரை வட்டி போடுகிற கார்டை ஏ.ஸி. ஷோரூமில் சிரித்துக்கொண்டே நீட்டுவார். 14,000த்தைக் கட்டாமல் இழுத்தால் மாசம் 490 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு! ‘மினிமம் ட்யூ’ மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் டிகிரி முடிந்தாலும் கடன் முடியாது.

இதற்கு என் நண்பர் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. சம்பளம் விழுகிற மறுநாளே பாங்க்கில் 2,400 ரூபாய் ஆர்.டி.க்குத் தானாகப் போய்விடும்படி எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு வருஷ ஆர்.டி. முதல் வருஷம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டால், அடுத்த வருஷ ஃபீஸ் முன்கூட்டியே தயார். (போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருஷம். அதற்குள் பையன் ஸ்கூலுக்கே போய்விடுவான்.)

சீட்டு? பதிவு பெற்ற சீட்டு என்றால் 1982ம் வருஷச் சட்டம் இருக்கிறது. நடத்துகிறவரின் கமிஷன் 5 சதவிகிதமாக இருந்தது, 2019ல் 7 ஆக்கினார்கள். பொறுமையாகக் கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்கு அது சேமிப்பு. ஃபீஸ் கட்ட வேண்டுமே என்று இரண்டாம் மாசமே தள்ளி எடுப்பவருக்கு அது கடன். பெயர்தான் வேறு.

இன்னொரு வேடிக்கை. கிளாஸில் பெண் குழந்தை பெற்ற நண்பர் ஒருவர், 2015ல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் போடுகிறார். நல்ல திட்டம், வருஷத்துக்கு எட்டு சதவிகிதத்தைச் சுற்றி வட்டி. ஆனால் தன் ஃபீஸ் பாக்கிக்குக் கார்டில் நாற்பதுக்கு மேல் வட்டி கட்டுகிறார்! அந்தக் கணக்கை உயிரோடு வைத்திருக்க வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டால் போதும் ஸார். கார்டு பாக்கி தீர்கிற வரைக்கும் 250 போடுங்கள். மகள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

குழந்தைச் செலவில் நிஜமாகவே மிச்சம் பிடிக்கிற இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஆபீஸ் ஜனங்கள் கூச்சப்படுகிறார்கள். தடுப்பூசி! போலியோ சொட்டு, பி.சி.ஜி., ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் எல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்பது தெரிந்ததுதான். ரோட்டா வைரஸ் மருந்து 2017ல் தமிழ்நாட்டுக்கு வந்து, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் 2021ல் நாடு முழுக்கப் பட்டியலில் சேர்ந்த விஷயம் பலருக்குத் தெரியாது. இதே நியூமோகாக்கல் ஊசி பிரைவேட்டில் ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில் ஆகும், அதிலும் பல தடவை. சின்னம்மை, மஞ்சள் காமாலை ‘ஏ’ மாதிரி சிலது மட்டும் இலவசப் பட்டியலில் இல்லை, வெளியில்தான் போட வேண்டும். சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி நாள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுக் குழந்தையோடு வரிசையில் நின்ற அப்பாக்களுக்கு, கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர் ஃபீஸ் மிச்சம்.

இதுவரை பணக் கணக்கு. அந்த நண்பரின் நோட்டில் எழுதாத கணக்கு ஒன்று இருக்கிறது.

ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை அவர் கிளாஸில் இருக்கிறார். பரீட்சைக்கு முந்தின மாசம் தினம் மூன்று மணி நேரம் படிக்கிறார். அந்த மணி நேரமெல்லாம் எங்கேயிருந்து வந்தது? யாராவது கொடுத்தால்தானே வரும்? அவர் விஷயத்தில் மாமியார் கொடுத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டார். அதனால் ஊரில் மாமனார் தன் 63வது வயதில் குக்கர் வைக்கக் கற்றுக்கொண்டார். (“விசில் எத்தனைன்னு மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்று தினம் போன்.) இந்த உழைப்புக்கு நோட்டில் ஒரு வரி கிடையாது. காப்பகத்தில் விட்டிருந்தால் 4,700 மிச்சமும் பறந்திருக்கும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். நம் ஆபீஸ்களில் கான்டீனுக்கே இடமில்லை என்கிறார்கள். இருந்தாலும் ஹெச்.ஆரில் ஒரு தடவை கேட்டு வையுங்கள், சட்டம் உங்கள் பக்கம்.

அதே திருத்தம்தான் பிரசவ லீவை 26 வாரமாக்கியது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு முழுச் சம்பளத்தோடு. நல்ல விஷயம். ஆனால் அதைக் கேட்டதும் எங்கள் கிளாஸ் ஆண் சிங்கங்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமே! “ஆறு மாசம் வீட்ல சும்மாதானே இருப்பா, பாக்கி பேப்பரை எழுதிடலாமே!” சும்மாவாம்! இரண்டு மணிக்கு ஒரு தரம் பால் கொடுத்துவிட்டு, நடுவில் கிடைக்கிற இருபது நிமிஷத்தில் குளிப்பதா, தூங்குவதா, காஸ்ட் அக்கவுண்டிங் படிப்பதா?

கேட்டுப் பாருங்கள். கல்யாணத்தின்போது பாதியில் நின்ற எம்.காம்., இரண்டு பேப்பர் பாக்கி வைத்த பி.எஸ்ஸி. என்று பல வீட்டு பீரோவில் ஒரு ஹால் டிக்கெட் தூங்குகிறது. “முதல்ல இவர் முடிக்கட்டும், பிரமோஷன் வரட்டும், அப்புறம் நான்” என்று அந்த அம்மாவே சொல்வார். அவர் முடிப்பார், பிரமோஷன் வரும். அதற்குள் இரண்டாவது குழந்தையும் வரும். ஃபீஸுக்காகப் பாங்க்குக்குப் போனது அந்த அம்மாவின் செயின்தான் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

எங்கள் மாடி போர்ஷனில் இருக்கிற ஜோடி இதற்கு வேறு வழி பிடித்திருக்கிறது. அவர் கூரியர் ஆபீஸில் சூப்பர்வைசர், டிப்ளமாவோடு நின்றவர். மனைவி ஜவுளிக் கடையில் பில்லிங். இரண்டு பேருக்கும் டிகிரி வேண்டும், இரண்டரை வயதுப் பெண் இருக்கிறாள், ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இக்னோவில் மூன்று வருஷ டிகிரியை ஆறு வருஷம்வரை இழுக்க அனுமதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் அவர் ஃபீஸ் கட்டிப் படிப்பார், மறு வருஷம் அந்த அம்மா. வீட்டில் எப்போதும் ஒரு ஃபீஸ், ஒரு பரீட்சை. ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை எழுதுகிறவர் யாரோ அவருக்கு அடுக்களை லீவு.

நஷ்டம் இல்லாமல் இல்லை. அவர் ஆபீஸில் டிகிரிக்காரர்களுக்கு வரும் கிரேடு இவருக்குச் சில வருஷம் தள்ளிப்போகிறது. சொந்தக்காரர்கள் வேறு, “நீ முதல்ல முடிச்சா என்னப்பா?” என்று வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். அந்த அம்மாவும் ஒருநாள், “ஏங்க, எனக்கென்ன அவசரம், நீங்களே முடிச்சிடுங்களேன்” என்றாராம். “உன் புக் ஏற்கெனவே தபால்ல வந்தாச்சு” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாராம் மனுஷன்.

யாராவது படிப்பில் சேருவதாயிருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு, யு.ஜி.ஸி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் வெப்சைட்டில் பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டுங்கள். அனுமதி பெற்ற தொலைதூர டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம் என்று 2022ல் யு.ஜி.ஸி. சொல்லியிருக்கிறது. அனுமதி இல்லாத டிகிரியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மாடி வீட்டில் அந்த அம்மாவின் முறை. போன ஞாயிறு ஏதோ கேட்க மேலே போனேன். அந்த அம்மா கிளாஸுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தவர் சட்டை முழுக்க சாம்பார். உள்ளே அந்தச் சின்னப் பெண், அப்பாவின் பழைய அசைன்மென்ட் பேப்பரை விரித்து, அதன் மேல் இட்லியை வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“உக்காருங்க சார்” என்றார். எங்கே உட்காருவது என்றுதான் தெரியவில்லை.