ஆட்டமும் பிழைப்பும்

மீஞ்சூரை அடுத்த வள்ளூரில், மாலைப் பொழுது சாயும் வேளையில், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் வெளிகளில் பிள்ளைகள் பந்தாடுவர். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் இதே காட்சிதான். ஆடிக் களைத்து வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்வியும் எங்கும் ஒன்றே: "இதனால் சோறு கிடைக்குமா?" கேள்வி பழையது, நியாயமானதுங்கூட. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் இப்பகுதியில், உழைப்புக்கு என்ன கூலி என்பதே வாழ்வின் முதற்கணக்கு. இக்கேள்விக்குச் சென்னை ஆட்டக்காரர் சிலர் 1930ஆம் ஆண்டையொட்டிய பத்தாண்டுகளில் விடை தேடிய கதையையே இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர்களுள்ளும் ஒருவரைப் பற்றியே மிகுதியாகப் பேசப் போகிறேன். அவர் எம். ஜே. கோபாலன்.

அக்காலத்தில் பிற நாடுகளில் ஆட்டக்காரர் எவ்வாறு பிழைத்தனர் என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் ஒரு முழுத் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பேப் ரூத் என்ற புகழ்பெற்ற வீரர் 1930ஆம் ஆண்டில் பெற்ற சம்பளம் 80,000 டாலர். ஆனால் அந்தப் பொற்காசுக்கு மறுபக்கம் ஒன்றும் இருந்தது. ஒரு சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆட்டக்காரன், அச்சங்கமே விடுவித்தாலன்றி வேறு சங்கத்திற்கு ஆட இயலாது. இக்கட்டு 1975ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவிழ்ந்தது. நல்ல சம்பளம் இருந்தது. போகும் உரிமை இல்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே கிரிக்கெட் ஆடுவோர் இரு சாதியாகப் பிரிந்திருந்தனர். பணம் பெறாமல் ஆடுபவர் 'கனவான்'. பணம் பெற்று ஆடுபவர் 'ஆட்டக்காரர்'. பல மைதானங்களில் இரு சாராருக்கும் உடை மாற்றும் அறை வேறு. களத்தில் இறங்கும் வாயில் வேறு. ஆட்டவிவரத் தாளில் கனவானின் பெயருக்கு முன்னே முதலெழுத்துகளை அச்சிடுவர். கூலி பெறுபவரின் பெயருக்குப் பின்னே அச்சிடுவர். ஓர் எழுத்தை எங்கே வைப்பது என்பதில்கூட மனிதன் ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடித்துவிடுகிறான்! இவ்வேற்றுமை 1962ஆம் ஆண்டு வரை நீடித்தது.

நம் நாட்டிலோ இவ்விரண்டும் இல்லை. வடக்கே சில சமஸ்தான மன்னர்கள் ஆட்டக்காரர்களைத் தம் சேவையில் அமர்த்திக்கொண்டனர். புகழ்பெற்ற சி. கே. நாயுடு ஹோல்கார் மன்னரின் படையில் பதவி வகித்தவர். சென்னையில் அவ்வாறு ஆதரிக்கும் மன்னர் எவருமில்லை. இங்கே கைகொடுத்தவை அரசாங்க அலுவலகங்களும், இரயில்வேயும், பெரிய வியாபாரக் கம்பெனிகளுமே. பகலில் மேசையருகே உத்தியோகம். ஓய்வு நாட்களில் மைதானத்தில் ஆட்டம். பந்தயம் வந்தால் கம்பெனி கொடுக்கும் விடுமுறை. 'விளையாட்டு வீரருக்கு வேலை' என்று இன்று நாம் வழங்கும் ஏற்பாட்டின் வித்து அதுவே.

கோபாலன் செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாந்தாங்கல் என்ற சிற்றூரில் 1909ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணியில் குடியேறியது. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் கூப்பிடு தூரம். ஆனால் தெருவில் பந்தெறியும் ஒரு சிறுவனுக்கு அம்மைதானம் வெகு தொலைவு என்பதை நீங்கள் உணர வேண்டும்; அது வெள்ளையர் சங்கத்தின் இடம். அத்தொலைவைக் குறைத்தவர் ஒரு வெள்ளையரே. சி. பி. ஜான்ஸ்டன் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கும் கெண்ட் மாகாணத்திற்கும் ஆடியவர். சென்னையில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். இளைஞரான கோபாலன் பந்தெறிவதைக் கண்டு, தம் கம்பெனியிலேயே அவருக்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தார்.

பர்மா ஷெல் என்ற பெயர் வடசென்னையில் மூத்தோருக்கு நன்கு தெரியும். துறைமுகத்தில் வந்திறங்கிய எண்ணெயைச் சேமிக்கத் தண்டையார்ப்பேட்டைப் பக்கம் அக்கம்பெனி கிடங்குகள் வைத்திருந்தது. வீடுகளில் விளக்கெரிந்தது அவ்வெண்ணெயால். 1976ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அக்கம்பெனியை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. மண்ணெண்ணெய் விற்ற கம்பெனி ஒரு பந்தெறி வீரரையும் காப்பாற்றியது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

1930ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விஜயநகரத்து மகாராஜகுமாரர் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு நாடெங்கும் ஆடி வந்தார். அவ்வணியில் இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் இருந்தனர். ஹாப்ஸ் அக்காலத்து மட்டை வீரர்களுள் தலைசிறந்தவர்; முதல்தரப் பந்தயங்களில் ஏறத்தாழ இருநூறு சதங்கள் அடித்தவர். அவரும் கூலி பெற்று ஆடிய 'ஆட்டக்காரர்' வகுப்பினரே. கேம்பிரிட்ஜில் கல்லூரி மைதானத்தைப் பராமரித்தவரின் மகன். சென்னையில் அவருடைய விக்கெட்டை வீழ்த்தியவர் கோபாலன். மைதானம் காப்பவரின் மகனும், எண்ணெய்க் கம்பெனி உத்தியோகஸ்தரும் எதிரெதிரே நின்றனர்.

கோபாலனின் வல்லமை பந்தை வளைத்து எறிவதில் இருந்தது. பந்து எவ்வாறு வளைகிறது? கிரிக்கெட் பந்தின் நடுவே தையல் ஓடுகிறதன்றோ? அத்தையலைச் சற்றே சாய்த்துப் பிடித்து எறிந்தால், காற்று பந்தின் இரு புறமும் ஒரே விதமாக ஓடுவதில்லை. தையல் குறுக்கிடும் பக்கத்தில் காற்றோட்டம் கலைந்து, பந்தின் மேற்பரப்பை அதிக தூரம் ஒட்டிச் செல்கிறது. மெருகுள்ள மறுபக்கத்தில் கலையாமல் சென்று விரைவில் விலகிவிடுகிறது. இவ்வேற்றுமை பந்தை ஒரு புறமாகத் தள்ளுகிறது. தையல் எப்பக்கம் நோக்குகிறதோ அப்பக்கம் பந்து வளைகிறது. நேராக வருகிறது என்று நம்பி மட்டையை நீட்டியவர், கடைசி நொடியில் ஏமாறுகிறார். இதற்கு அசுர வேகம் வேண்டுவதில்லை. அளவான வேகமும் அடங்கிய மணிக்கட்டும் போதும்.

1934ஆம் ஆண்டு ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்துக் கல்கத்தாவில் நடந்த டெஸ்ட் பந்தயத்தில் கோபாலன் இந்தியாவுக்காக ஆடினார். அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் முதன்முதலாக ஒரு டெஸ்ட் பந்தயம் நடந்தது. அதில் அமர்சிங் ஒரே ஆட்டப் பகுதியில் 86 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சொந்த ஊரில் நடந்த அப்பந்தயத்தில் கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஆடியதே அவருடைய முதல் டெஸ்ட். கடைசி டெஸ்டும் அதுவே.

அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் இன்னொரு தொடக்கம். ரஞ்சிக் கோப்பை எனப் பின்னர் நாடறிந்த போட்டியின் முதற்பந்தயம் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. அக்கோப்பைப் போட்டியின் வரலாற்றில் முதற்பந்தை எறிந்தவர் கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை 130 எடுத்தது. மீண்டும் ஆடிய மைசூர் 59. பந்தயம் ஒரே நாளில் முடிந்துவிட்டது! இடக்கையால் சுழற்பந்து எறிந்த ஏ. ஜி. ராம்சிங் இரண்டு ஆட்டப் பகுதிகளிலும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள் எடுத்தார். இத்துணைத் திறமையாளரான ராம்சிங்குக்கு அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றுகூடக் கிட்டவில்லை. அவருடைய புதல்வர் கிருபால் சிங், 1955ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தம் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார்.

அதே நவம்பரில் பேப் ரூத் ஜப்பானுக்குச் சென்று பல்லாயிரவர் முன்னிலையில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானில் சம்பளம் பெறும் பேஸ்பால் அணி ஒன்று தோன்றிவிட்டது. நம் நாட்டுக் கிரிக்கெட்டோ இன்னும் பல காலம் உத்தியோகத்தின் நிழலிலேயே வளர வேண்டியிருந்தது.

இனி ஹாக்கிக்கு வருவோம். கோபாலன் கிரிக்கெட்டோடு ஹாக்கியிலும் முதல் வரிசையில் நின்றவர். அக்காலத்து ஹாக்கி அணியில் முன்னே ஐவர் தாக்குவர்; அவர்களுக்குப் பின்னே மூவர்; அவர்களுக்கும் பின்னே இருவர்; கடைசியில் கோல் காப்பவர். நடுவே நிற்கும் மூவரில் மையத்தில் நிற்பவரைச் 'சென்டர் ஹாஃப்' என்பர். எதிரியின் தாக்குதலை முறிப்பதும் அவர் பொறுப்பு; தம் பக்கத்து ஐவருக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. மைதானத்தில் அதிகம் ஓடுபவர் அவர். கோல் அடித்த பெருமை மட்டும் வேறொருவருக்குப் போகும். அந்த இடமே கோபாலனுடையது. 1935ஆம் ஆண்டில் தியான்சந்த் தலைமையில் நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். அவ்வணி 48 பந்தயங்களில் 584 கோல்கள் அடித்தது. தியான்சந்த் ஒருவரே 201 கோல்கள் அடித்தார்.

இப்படியிருக்கையில் 1936ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டில் இரண்டு பயணங்கள் இருந்தன. ஒன்று இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணி. மற்றொன்று பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் செல்லும் ஹாக்கி அணி. இரண்டும் ஒரே பருவத்தில். இரண்டிலும் இடம்பெறும் தகுதி கோபாலனுக்கு இருந்தது; ஆனால் இரண்டு கப்பல்களில் ஒருவர் ஏற முடியாது. ஹாக்கித் தேர்வுக்குச் செல்லாமல், அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார்.

கிரிக்கெட் அணிக்குத் தலைவர் அதே விஜயநகரத்து மகாராஜகுமாரர். ஒற்றுமையற்ற அணி அது. சிறந்த வீரரான அமர்நாத், ஒழுங்கு மீறினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகள் நடந்தன. இரண்டில் தோல்வி, ஒன்றில் வெற்றி தோல்வி இல்லை. மூன்றிலும் கோபாலனுக்கு இடம் தரப்படவில்லை.

அதே அணியில் சென்னையிலிருந்து இன்னொருவரும் போயிருந்தார்: சி. ராமஸ்வாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப் போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் புதல்வர். 1922ஆம் ஆண்டில் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்தியாவுக்காக ஆடியவர். தம் நாற்பதாம் வயதில் முதல் டெஸ்ட் ஆடி, 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41 என்று நான்கு முறையும் நன்றாகவே ஓட்டமெடுத்தார். ஒரு நகரம் இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடிய இருவரை ஒரே அணியில் அனுப்பியது; அவர்களில் மூத்தவர் களத்தில் நின்றார், இளையவர் வெளியே இருந்தார். அந்த ராமஸ்வாமி 1985ஆம் ஆண்டில் ஒருநாள் சென்னையில் தம் வீட்டிலிருந்து வெளியேறியவர், பின் திரும்பவேயில்லை. என்ன ஆனார் என்பது இன்றளவும் தெரியவில்லை.

1936 ஆகஸ்டு 15ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். மழையால் ஒருநாள் தள்ளிப்போன ஹாக்கி இறுதிப் பந்தயம் அன்று பெர்லினில் நடந்தது. இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அதே நாளில் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் லண்டன் அணியிலும் இல்லை. பெர்லின் அணியிலும் இல்லை. சென்னை வானொலி நிலையம் 1938இல்தான் தொடங்கிற்று. ஆகவே இரண்டு செய்திகளையும் நம்மூர் மக்கள் பத்திரிகைகளில் தந்திச் செய்தியாகவே படித்திருப்பர்.

அவர் தவறிழைத்தார் என்று சொல்வது நமக்கு எளிது; முடிவு தெரிந்த பின்னர் பேசுகிறோமன்றோ? 1928இலும் 1932இலும் தங்கம் வென்ற ஹாக்கி அணிக்கு மூன்றாம் தங்கம் உறுதி என்று பலர் எண்ணினர் என்பது மெய்யே. ஆனால் அதே ஹாக்கி அணி 1932இல் கப்பற்செலவுக்கே பொருள் திரட்டித் திண்டாடிய அணி என்பதும் மெய். கிரிக்கெட்டின் மதிப்போ வேறு. ஆள்வோரின் ஆட்டம் அது. ஜான்ஸ்டன் அவரைக் கண்டெடுத்ததும் அவ்வாட்டத்தினாலேயே. அவருடைய சோறும் அவ்வழியே வந்தது. ஆகவே அவர் இங்கிலாந்துக் கப்பலில் ஏறியதை நான் பேதைமை என்று கருதவில்லை. குறை சொல்வதானால், ஒருவரைக் கடல் கடந்து அழைத்துச் சென்று ஒரு டெஸ்டிலும் ஆடவிடாதவர்களையே சொல்ல வேண்டும்.

சென்னைக்குத் திரும்பிய கோபாலன் நெடுங்காலம் ஆடினார். சென்னை அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்டும் ஆடாதிருந்தவர், பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்ந்தார்.

1952-53ஆம் ஆண்டுப் பருவத்தில், அவர் கால் நூற்றாண்டுக் காலம் ஆடியதைச் சிறப்பிக்கும் வகையில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு கோப்பைப் போட்டி ஏற்பட்டது. 'கோபாலன் கோப்பை' என்பது அதன் பெயர். அப்போது இலங்கைக்கு டெஸ்ட் ஆடும் தகுதி இல்லை. சென்னையோடு ஆடிய இப்பந்தயங்கள் அந்நாட்டு வீரர்களுக்கு ஒரு நல்ல உரைகல்லாக விளங்கின. 1982ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொழும்பு நகரில் இலங்கை தன் முதல் டெஸ்டை இங்கிலாந்துடன் ஆடியபோது கோபாலன் உயிரோடிருந்தார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் அவர் காலமானார்.