தண்ணீர் தெளிந்தால் போதாது... தொட்டி பழக வேண்டும்!

மரக்காணம் உப்பளத்தில் உவர்நீரைப் பாத்தியில் விட்ட அன்றே யாரும் உப்பு வாருவதில்லை. நீர் பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் சுண்டி, அடர்த்திமானியில் 25 டிகிரி பாமே அளவை நெருங்கிய பிறகுதான் உப்பு விளையும். நீரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. அளந்துதான் முடிவு செய்கிறார்கள்.

மீன்தொட்டிக்கும் இதே பொறுமை தேவை. மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை நின்றதும், பக்க வருமானத்துக்காக வண்ணமீன் வளர்க்கச் சிலர் முன்வருகிறார்கள். தொட்டி வைத்து, செடி நட்டு, மறுநாளே கொளத்தூரில் வாங்கிய மீன்களை விடுகிறார்கள். ஒரே வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறிச் சாகின்றன. ‘மீன் நமக்கு ராசியில்லை’ என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை மீனில் இல்லை, பழகாத தொட்டியில்தான்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனமும் அழுகிய இலையும் அம்மோனியா தரும். வயலில் போட்ட யூரியாவை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுவதைப் போல, தொட்டியிலும் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது செடிக்கு உரம். அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவில் இருக்காது. அவை சரளையிலும் ஸ்பாஞ்ச் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும்.

கடலோரத் தண்ணீரில் கவனம்

கார அமிலநிலை (பி.எச்.) ஏற ஏற அம்மோனியாவின் வீரியமும் ஏறும். நம் வெயில் வெப்பநிலையில் பி.எச். 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8-ல் அது 6, 7 பங்காகும். 9-ல் 40 பங்கை எட்டும். எனவே முதலில் நீரின் பி.எச். பாருங்கள்.

உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் பல செடிகள் கருகிவிடும். சேமித்த மழைநீரைக் கலந்து உப்பைக் குறைக்கலாம். தனி மழைநீர் வேண்டாம். அதில் காரத்தன்மை இல்லாததால் பி.எச். சட்டென்று சரியும், பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் நீரை ஒருநாள் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். கடற்கரை மணல் கூடாது. அதிலுள்ள கிளிஞ்சல் பி.எச்.-ஐ உயர்த்தும். கழுவிய ஆற்றுச் சரளை நல்லது.

லேசான உப்பைத் தாங்கும் வாலிஸ்நேரியா, ஜாவா ஃபெர்ன் ஏற்றவை. கழுவெளியில் இறங்கிச் செடி பறிக்க வேண்டாம்; அது 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம்.

பழக்கும் முறை

* செடிகளை நெருக்கமாக நடுங்கள். அவையும் அம்மோனியாவை உறிஞ்சும். அழுகும் இலையை உடனே அகற்றுங்கள்.
* காற்று மோட்டாரும் ஸ்பாஞ்ச் வடிகட்டியும் இரவு பகலாக ஓடட்டும். பாக்டீரியாவுக்கும் பிராணவாயு வேண்டும்.
* விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். கூடினால் பாசி பிடிக்கும்.
* மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அது மக்கி பாக்டீரியாவுக்கு உணவாகும்.
* நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சையோ ஒரு கைப்பிடி சரளையையோ போட்டால் காத்திருக்கும் காலம் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான்.
* இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட் கொண்டு அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். செடி அடர்ந்த தொட்டியில் இந்த ஏற்றம் குறைவாகவே தெரியலாம். தீவனம் போட்டுவரும்போதே இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்ஜியம் காட்டினால் தொட்டி பழகிவிட்டது.

மீன் விடும் நாள்

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, 100 லிட்டருக்கு 4, 5 மீன் மட்டும் விடுங்கள். உவர்ப்பைத் தாங்கும் மோலி மரக்காணம் பகுதிக்கு நல்ல தொடக்கம். இரண்டு வாரம் கழித்து அடுத்த சில மீன்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

மீன் விட்டபின் நைட்ரைட் ஏறினால், பாதித் தண்ணீரை மாற்றி, 100 லிட்டருக்கு 10 கிராம் உப்பு கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் புகுவதைத் தடுக்கும். உள்ளூரில் விளையும் கல்லுப்பே போதும்.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்படா திட்டத்தில் புழக்கடை வண்ணமீன் அலகின் மதிப்பு 3 லட்சம் ரூபாய். மானியம் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதம். விண்ணப்பம் பற்றி மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு தொட்டியைப் பழக்கிப் பாருங்கள். அது கைவந்தால் பத்துத் தொட்டியும் கைவரும்.