கஷாயம் எதுவரைக்கும்? ஆஸ்பத்திரி எப்போ?



ஐப்பசி, கார்த்திகை மழை வந்தாலே நம்ம அரக்கோணம் பக்கம் வீட்டுக்கு வீடு சளி, இருமல், காய்ச்சல்தான். உடனே அடுப்பில் கஷாயம் கொதிக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் எதற்குக் கஷாயம் போதும், எதற்குப் போதாது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

வீட்டிலேயே செய்யலாம்

சளி, தொண்டைக் கரகரப்பு: சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, பனைவெல்லம் சேர்த்துக் குடிக்கலாம். துளசி, கற்பூரவல்லி இலையும் போடலாம்.

வயிறு உப்புசம், அஜீரணம்: ஓமம் அல்லது சீரகம் கொதித்த தண்ணீர்.

ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கைக்குழந்தைக்குக் கஷாயமும் வேண்டாம், தாய்ப்பால்தான்.

நிலவேம்புக் குடிநீர்

2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. இதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று 9 சரக்கு இருக்கு. ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கால் டம்ளராக வற்றவிட்டு வடிகட்டணும். அப்பப்போ புதுசாகக் காய்ச்சணும். கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்கணும்.

"கஷாயம் குடிச்சாச்சு, டெங்கு ஒண்ணும் பண்ணாது" என்று சிலர் சொல்றாங்க. இது தவறு. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். "சுரம் விட்டுடுச்சு"ன்னு வேலைக்குக் கிளம்பிடாதீங்க.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

- கடுமையான வயிற்று வலி
- விடாத வாந்தி
- மூக்கு, பல் ஈறில் ரத்தம், கறுப்பாக மலம்
- கை கால் சில்லிடுதல், மயக்கம்
- மூச்சு வாங்குதல்
- ஒன்றுக்குக் குறைவாகப் போவது

108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசம். ஆஸ்பிரின், புரூபன் மாதிரி வலி மாத்திரைகளை நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அது கூட்டிவிடும்.

வயிற்றுப்போக்குக்குக் கஷாயத்தை நம்பி இருக்காதீங்க. ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

குழுவில் பேசுங்கள்

டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். வாரம் ஒரு நாள் தொட்டி, குடம், டிரம்மைத் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகப் போடலாம். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகக் கையில் காசு இல்லையே என்று எந்த உறுப்பினரும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு அவசரக் கடனாக எவ்வளவு, யாரிடம் இருக்கும் என்பதையும் அன்றே முடிவு செய்து மினிட் புத்தகத்தில் எழுதி வைப்போம்.