லண்டன் மண்ணை அறிந்து தோட்டம் செய்வோம்

பின்வளவுடன் வீடு கிடைத்தால் எம்மவர்களுக்குக் கை சும்மா இராது. கீரை, வெங்காயம், போஞ்சி என்று ஏதாவது நடத் தோன்றும். ஆனால் ஆழக் கொத்திப் புரட்டிப் பழகிய நாம் இங்கும் அப்படியே செய்தால், பட்ட பாடெல்லாம் வீணாகலாம். காரணத்தை ஒரு குழி காட்டிவிடும்.

இரண்டு அடி ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். மேலே கறுத்த, பொலபொலவென்ற மண் இருக்கும். உக்கிய இலையும் வேரும் மண்புழுவும் சேர்ந்து ஆக்கிய மேல்மண் இது. ஓர் அங்குலம் உருவாகவே பல நூறு ஆண்டுகள் செல்லும். பயிருக்கு உணவு பெரும்பாலும் இதிலேதான்.

அதன்கீழ் மண்ணிறக் களி. இன்னும் ஆழத்தில் நீலச் சாம்பல் நிறக் களி. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலாக இருந்தபோது படிந்த சேறு இது. நாம் வேலைக்குப் போகும் பாதாள ரயிலின் சுரங்கங்கள் பல இந்தக் களியைக் குடைந்தே அமைக்கப்பட்டன. காற்றுப்படும் மேற்பகுதியில், களியிலுள்ள இரும்பு துருப்பிடித்து மண்ணிறமாகிறது. எங்கள் செம்பாட்டு மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்புத் துருதான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் செம்பாட்டு மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றைச் சேரும். லண்டன் களி நீரை இலகுவில் இறங்க விடாது. மழைக்கு ஊறி வீங்கும். கோடையில் காய்ந்து பிளக்கும். 1976 வரட்சியில் பல வீட்டுச் சுவர்களே வெடித்தன. வெம்பிளிப் பக்கம் இந்தக் களிதான். தேம்ஸ் ஆற்றை அண்டிய ஈஸ்ற்ஹாம் போன்ற இடங்களில் ஆற்றுச் சரளையும் வண்டலும் உண்டு.

இன்று லண்டன் புறோம்லிப் பகுதியில் அடங்கும் டவுன் கிராமத்தில் வாழ்ந்த அறிஞர் சார்ள்ஸ் டார்வின், மண்புழுக்களைப் பற்றி 1881இல் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் 10 தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகச் செல்கிறது என்பது அவர் கணக்கு. கூலி கேட்காத இந்த வேலையாட்களை நாம் குழப்பாதிருந்தாலே போதும்.

ஆகவே, அடிக்களியை மேலே கொண்டுவந்து மேல்மண்ணைப் புதைக்க வேண்டாம். ஈரமாக இருக்கையில் மிதிக்கவோ கொத்தவோ வேண்டாம், களி இறுகிவிடும். ஊரில் குழை தாழ்த்தோம். இங்கே மரக்கறித் தோலையும் உதிர்ந்த இலையையும் உக்கவைத்து, இலையுதிர் காலத்தில் மேலே பரப்புவோம். மீதியைப் புழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

பின்வளவு இல்லாதவர்கள் அலொட்மன்ட் எனப்படும் தோட்டத் துண்டுக்கு உங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பெயரை முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது.