ஒரு கையும் இரண்டு எஞ்சின்களும்: பட்டர்வொர்த்தில் இருந்து பறந்த பிளென்ஹைம்

தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களில் ஒன்றில் ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பெயர் இருக்கிறது. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற விமானி அவர். இறந்தபோது வயது 28. அவர் ஓட்டியது பிரிஸ்டல் பிளென்ஹைம் என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். அவர் செய்தது எவ்வளவு பெரிய செயல் என்று புரிந்துகொள்ள, அந்த விமானத்தின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளென்ஹைம் முதன்முதலில் 1936-இல் பறந்தது. இறக்கையின் நீளம் 17 மீட்டர். ஒவ்வோர் எஞ்சினுக்கும் 840 குதிரைத்திறன். மூவர் பயணம் செய்யலாம். பிறந்த காலத்தில் வேகத்துக்குப் பெயர் பெற்றிருந்தாலும், 1941-இல் அது பழைய விமானம்தான்.

விமானி அறையின் அமைப்பு அன்றைய விமானிகளுக்கே தலைவலி. காற்றாடி இதழ்களின் கோணத்தை மாற்றும் குமிழ்கள் விமானியின் இடது முழங்கைக்குப் பின்னால் இருந்தன. திரும்பிப் பார்க்காமல் கையால் தடவித்தான் இயக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் குமிழ்களும் அங்கேயே, அதே மாதிரி இருந்தன! மாற்றி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதழ்களின் கோணத்தை ஏன் மாற்ற வேண்டும்? மிதிவண்டியின் கியரை நினைத்துப் பாருங்கள். மேட்டில் ஏற ஒரு கியர், சமதரையில் விரைய வேறொரு கியர். அதுபோல், புறப்படும்போது இதழ்கள் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவேண்டும். வேகம் வந்தபின் அகலமாக வெட்டவேண்டும். பிளென்ஹைமில் இந்த இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு.

இரட்டை எஞ்சினுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. மேசைமீது அடிக்கோலை வைத்து நடுவில் தள்ளுங்கள், நேராகப் போகும். ஓரத்தில் தள்ளுங்கள், சுழலும். பெர்னாம் ஆற்றில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் போட்டால் படகு வட்டமடிப்பதும் இதனால்தான். ஓர் எஞ்சின் நின்றால் விமானமும் அப்படியே திரும்பப் பார்க்கும். நின்றுபோன காற்றாடியின் இதழ்களைக் காற்றுக்கு இணையாகத் திருப்பிவைக்கும் வசதி அதில் இல்லை. ஆகவே அந்தக் காற்றாடியும் காற்றைத் தடுத்து இழுக்கும்.

இதைச் சமாளிக்க விமானி காலால் மிதித்து வால் சுக்கானைத் திருப்புவார். சுக்கானின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். அதனால் குறைந்த வேகத்தில், அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், எவ்வளவு மிதித்தாலும் போதாது. அந்த எல்லை வேகத்துக்குக் கீழே ஓர் எஞ்சினில் பறக்கவே கூடாது என்பது விமானிகளின் முதல் பாடம்.

நம் நாட்டு வெயிலும் இதில் சேர்ந்துகொள்கிறது. 15 பாகை வெப்பத்தில் இருக்கும் காற்றைவிட 34 பாகையில் இருக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறைவு. இறக்கைக்குத் தூக்குவிசை குறையும்; எஞ்சினுக்கும் வலு குறையும். நிறைசுமையோடு புறப்பட இன்னும் நீளமான ஓடுபாதை வேண்டும்.

இப்போது 9 டிசம்பர் 1941-க்கு வருவோம். தாய்லாந்தின் சிங்கோராவில் இருந்த ஜப்பானியப் படையைத் தாக்க, பட்டர்வொர்த்தில் எஞ்சியிருந்த விமானங்கள் அனைத்துக்கும் கட்டளை வந்தது. தலைமை விமானியான ஸ்கார்ஃப் முதலில் மேலெழும்பினார். அதே நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து, தரையில் நின்றவற்றைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தன. வானத்தில் அவர் விமானம் மட்டும் மிஞ்சியது.

திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தனியாகவே சிங்கோரா சென்று குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் சூழ்ந்தன. அவருடைய இடது கை சிதைந்தது, முதுகிலும் படுகாயம்.

இங்கேதான் அறிவியல் கண்ணோடு பார்க்க வேண்டும். மயங்கிய விமானியின் உடல் முன்னால் சாய்ந்து கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் விழுந்தால், விமானத்தின் மூக்கு கீழே குத்தும். ஆகவே உடன் இருந்த இருவரும் அவர் சாயாமல் பார்த்துக்கொண்டனர். இடது கையால்தான் எட்ட முடியும் என்ற குமிழ்களோ அவர் முதுகுக்குப் பின்னால். ஒரு கையையும் இரு கால்களையும் வைத்தே விமானத்தை அலோர் ஸ்டார் வரை கொண்டுவந்து இறக்கினார். உடன் வந்த இருவருக்கும் காயமில்லை. அவர் மனைவி தாதியாகப் பணியாற்றிய மருத்துவமனையில், அன்றே அவர் உயிர் பிரிந்தது. விருது அறிவிக்கப்பட்டது 1946-இல்தான்.

பிளென்ஹைம் பிடிவாதமான விமானம் என்பதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைத்த ஒரு பிளென்ஹைம் 1987-இல் பறந்தது. ஒரு மாதத்திலேயே விபத்துக்குள்ளானது. எஞ்சினுக்கு எரிபொருள் தரும் கைப்பிடியைச் சட்டென்று முன்னே தள்ளினால், அளவுக்கு மீறிய பெட்ரோல் பாய்ந்து எஞ்சின் திணறும். நிதானமாகத் தள்ள வேண்டும். பயணம் செய்தவர்கள் உயிர் தப்பினர்.

என் மாணவர்கள் இயற்பியல் பாடத்தில் ‘விசை’ என்றதும் சூத்திரத்தை மட்டும் எழுதுவார்கள். அந்தச் சூத்திரத்தின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு நாள் யாரோ ஒருவரின் கையிலும் காலிலும் பாரமாக இறங்கியிருக்கிறது. அடுத்த முறை தைப்பிங் ஏரித் தோட்டத்துக்குப் போகிறவர்கள், அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்துக்கும் சென்று அந்தக் கல்லைத் தேடிப் பாருங்கள்.