யாருக்கு மனம் இருக்கிறது? வெண்மணிப் புனைவை முன்வைத்து



அதிகாரத்தில் இருப்பவரை முழுக் கொடியவராகவும் எதிர்த்து நிற்பவரை முழு நல்லவராகவும் எழுதினால் அது பிரச்சாரம். நல்ல அரசியல் நாவல் இரு தரப்பின் மனத்தடுமாற்றத்தையும் காட்ட வேண்டும் என்கிறார்கள். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. அந்தத் தடுமாற்றம் இரு தரப்புக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறதா என்று கேட்டால் போதும்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டதே அந்தக் குடும்பங்கள் செய்த 'குற்றம்'.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது; 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவு காரணமாக்கப்படுகிறது. டெல்லியிலிருந்து வரும் படித்த கோபாலுக்கும் மனப்போராட்டம் உண்டு. எரிந்துபோகிற சேரி மக்களுக்கு அந்த அளவு உள்மனம் தரப்படவில்லை. கூலிக் கணக்கும் சாதியும் பின்னுக்குப் போய், ஆண்டையின் அந்தரங்கக் காயம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

நீதிமன்றத்திலும் இதுவே நடந்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே இரவில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலோ, தொழிலாளர்கள் சிறை சென்றார்கள். சந்தேகத்தின் பலன் யாருக்குப் போனது என்று பாருங்கள்.

அதற்காகச் சேரி மனிதரைக் குறையே இல்லாதவராக எழுத வேண்டுமா? கூடாது. அதுவும் அவருடைய மனத்தைப் பறிப்பதுதான். கொடியை இறக்கிவிட்டால் பிள்ளைகளாவது பிழைக்குமே என்று ஒரு தாய் நினைத்திருக்கலாம். சங்கத்தின் மேலேயே ஒருவருக்குக் கோபம் இருந்திருக்கலாம். முதல் குற்றவாளியாக இருந்து விடுதலையான கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி எட்டிய அன்று, குடும்பத்தையே இழந்த ஒருவருக்கு அது நீதியாகத் தெரிந்ததா, பழியாகத் தெரிந்ததா, ஒன்றுமே இல்லை என்று பட்டதா? அறச்சிக்கலை எழுத விரும்புகிற எழுத்தாளர் போய் நிற்க வேண்டிய இடம் அந்தத் திண்ணை.

ஆகவே அடுத்த முறை ஓர் அரசியல் நாவலை எடுக்கும்போது, யாருடைய தயக்கத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டைக்குக் குழந்தைப் பருவமும் காயமும் இருந்து, கூலிக்காரருக்குச் சாவு மட்டும் இருந்தால், அந்த நாவல் நடுநிலையில் நிற்கவில்லை. அந்தக் குறையைச் சுட்டுவது நம் வேலை. அதை நிரப்பி எழுதுவது உங்கள் தலைமுறையின் வேலை.